நாற்பத்தொரு டிக்

“எண்ணத்தானே எழுதணும்? எழுதித் தொலைக்கிறேன். நாளையிலேர்ந்து அந்த எண்ணு பலகையில இல்லாத ஒரு நாள எனக்குக் காட்டு, நான் இந்த வேலைய விட்டுட்டு உங்கம்மா வீட்டுல பன்னிக்குத் தண்ணி காட்டுறேன்.”

ட்ரெஸ்ஸா காடில் இப்படிக் குதறியது அவளுடைய பிரின்சிபலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு அந்த அறையில் அவர்கள் கவனித்துக் கேட்டது அது ஒன்றைத்தான்.

கார்லண்ட் சைஸ்மோர் கதவோரம் நின்றான். கையில் அட்டை, அட்டையில் ஒரு காகிதம், காகிதம் முழுக்கக் கட்டங்கள். வகுப்பின் பின்னால் ஐந்து நிமிஷம் நின்று, கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டு, கீழே கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். ரவுண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். கார்லண்டுக்கு முப்பத்துநாலு வயது, ஆறடிக்கு மேல் உயரம். கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க வந்தவன், வேறு யாரும் வர மாட்டேன் என்றதால் பிரின்சிபல் ஆனான். ஒரு காலத்தில் இதே அறையில் ட்ரெஸ்ஸாவிடம் படித்து இரண்டு தரம் ஃபெயிலானவன். அதனால் நாற்காலி மாறினாலும் அவனுக்கு அவள் டீச்சர்தான்.

“நான் என்னா பண்ணட்டும் டீச்சர். முதல் கட்டமே அதுதான். அன்னிக்குப் பாடத்துக்கு மாநிலம் போட்ட தரநிலை எண்ணு பலகையில இருக்கா இல்லையா. அது காலியா இருந்தா மீதியப் பாக்கவே வேணாம்ங்கிறாங்க, மார்ட்டன் கல்வி ஆபீஸ்ல.”

“மார்ட்டன்ல உக்காந்திருக்கவனுக்கு அமீபாவுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியுமாடா?”

“தெரியாது டீச்சர். அதனாலதான் எண்ணு கேக்குறாங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ட்ரெஸ்ஸாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டவில்லை. ஒரு பயல் தன்னை மடக்கிவிட்டான் என்று அவள் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. அன்று மாலையே சிவப்புப் பேனா ஒரு டஜனும் நீள ஸ்கேல் ஒன்றும் எடுத்து மேஜையில் வைத்தாள். மறுநாள் காலை பலகையின் வலது மூலையில் எண் இருந்தது. அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடுகளும் இருந்தன.

அந்த வருஷம் ஸ்பைசர் க்ரீக் உயர்நிலைப் பள்ளியின் உயிர் ஒரு நூலில் தொங்கியது. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள். மேல் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் ஆளே குறைந்துவிட்டது, பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள். மாநிலத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கணக்கு தேறிவிட்டது, மயிரிழையில். வாசிப்பும் தேறியது. வரலாற்றை அவர்கள் எண்ணுவதே இல்லை. மிச்சம் இருந்தது பத்தாம் வகுப்பு விஞ்ஞானம். ஏப்ரல் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேராவது தேற வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, பைன் மலையைத் தாண்டி மார்ட்டனில் உள்ள பெரிய பள்ளிக்கு அனுப்புவார்கள். மெயின் ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மணி இருபது நிமிஷம். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மணிக்குக் குறையாது, அதுவும் பனி இல்லாத நாளில்.

விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளியில் இருந்தது ட்ரெஸ்ஸா ஒருத்திதான். அவள் படித்ததோ வரலாறு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விஞ்ஞான வாத்தியார் இன்சூரன்ஸ் விற்கப் போனபோது, ஒரே ஒரு வருஷம் சமாளியுங்கள் என்று அப்போதைய பிரின்சிபல் கெஞ்சினார். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று வகுப்பு விஞ்ஞானம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதே அறையில், அதே பிள்ளைகளுக்கு வரலாறு.

சோம்பேறி என்று அவளை யாரும் சொல்ல முடியாது. வாய் நீளம், தலைக்கனம் உண்டு, தனக்குத் தெரியாதது இருக்கிறது என்று நம்பமாட்டாள். ஆனால் சோம்பேறி இல்லை. விஞ்ஞானத்துக்கு நோட்டுப் போட்டு வைத்திருந்தாள். பதினோரு நோட்டு, அட்டை பிய்ந்து டேப் ஒட்டியவை. அதிலிருந்து அவள் சொல்லுவாள், பிள்ளைகள் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நாற்பது சொல்லுக்கு அர்த்தம். அமிலம் என்றால் என்ன, உணவுச் சங்கிலி என்றால் என்ன, படிவுப் பாறை என்றால் என்ன. தப்பாக எழுதினால் பத்துத் தரம். பரீட்சையிலும் அதைத்தான் கேட்டார்கள், பிள்ளைகளும் தேறினார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

எந்த வகுப்பில் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலைகளை, அவள் வேலைக்கு வந்த பிறகு மாநிலம் நாலு தரம் மாற்றியிருந்தது. ஒவ்வொரு தரமும் பழைய பாடத்துக்குப் புதுச் சட்டை. ‘அறிவான்’ என்று இருந்தது ‘விளக்குவான்’ என்று ஆகும், மூன்று-இரண்டு என்று இருந்த எண் ஐந்து-ஒன்று என்று ஆகும், உள்ளே இருக்கிற பாடம் அதே பாடம்தான். அதனால் வாத்தியார்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மாநிலமே ஒரு மாற்றுப் பட்டியல் போட்டு அனுப்பும். இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புது எண். அந்த ஒரு தாள் இருந்தால் போதும். பழைய நோட்டின் தலையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியது. கூடவே வருகிற தரநிலைத் தடிப் புத்தகத்தை எவளும் பிரிப்பதில்லை. அது வந்த பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் தூங்கும்.

ஐந்தாவது மாற்றம் அந்த ஆகஸ்டில் வந்தது. மார்ட்டனில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். ட்ரெஸ்ஸா முதல் நாள் போனாள். பளபளவென்று ஷூ போட்ட ஒருவன், ஐம்பது வயதுக்காரர்களை நாலு நாலு பேராக உட்காரவைத்து, கையில் காய்ந்த நூடுல்ஸையும் மார்ஷ்மெல்லோ மிட்டாயையும் கொடுத்து, இதில் கோபுரம் கட்டுங்கள் என்றான். ட்ரெஸ்ஸா மிட்டாயைத் தின்றுவிட்டு, மேஜையில் அடுக்கியிருந்த மாற்றுப் பட்டியலில் ஒன்றை உருவிக்கொண்டு, மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“மூணு நாள்னு சொன்னே?” என்றான் டென்ஸில், அவள் புருஷன். சுரங்கத்தில் முதுகைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவன்.

“ஒரு நாள்லயே எல்லாம் வெளங்கிருச்சு.”

“உனக்கு எது வெளங்கல, சொல்லு. நம்ம கல்யாணத்தன்னைக்கே பாதிரியாருக்குப் பாடம் எடுத்தவ நீ.”

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அவள் தினமும் சிவப்புப் பேனாவில் எண் எழுதினாள். கார்லண்ட் வந்தான், பார்த்தான், டிக் போட்டான். எண் இருக்கிறதா, டிக். பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்களா, அவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், டிக். டீச்சர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, அவள் எந்த நாளிலும் உட்கார்ந்ததில்லை, டிக். பலகையில் இருந்த எண்ணுக்கும் அவள் வாயிலிருந்து வந்த பாடத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் கார்லண்டுக்குத் தெரிந்திருக்காது. அவன் விஞ்ஞானம் படித்ததும் இதே நோட்டிலிருந்துதான்.

மத்தியானம் மணி அடித்ததும் அந்த அறை வேறு அறையாகிவிடும். நோட்டுகள் பைக்குள் போய்விடும். ட்ரெஸ்ஸா மேஜைகளைச் சேர்த்துப் போடச் சொல்லி, நகல் எடுத்த பழைய காகிதங்களைப் பரப்புவாள். அந்த வருஷம் அவள் எடுத்தது, தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் சுரங்கம் வெடித்த கதை. ஊரில் எல்லா வீட்டிலும் அதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, எதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கம்பெனிக்காரன் எழுதிய கடிதம், செத்தவர்கள் ஒன்பது பேர் என்று பெயர் போட்டுச் சொன்னது. மேட்டுச் சர்ச்சில் அந்த வாரம் புதைத்தவர்கள் பட்டியலில் பதினாலு பேர் இருந்தார்கள்.

“எது நெசம்?” என்று கேட்டான் ஒரு பையன்.

“என்னைய ஏன் கேக்குற? நான் அப்போ பொறக்கல. உனக்கு எது நெசம்னு தோணுது?”

“பதினாலு.”

“எப்படித் தெரியும்?”

அவளுடைய வரலாற்று வகுப்பில் இந்த ஒரு கேள்விதான். எப்படித் தெரியும். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னான், சொல்வதில் அவனுக்கு என்ன லாபம். சும்மா வாயில் வந்ததைச் சொன்னவனை உரித்துவிடுவாள். காகிதத்தைக் காட்டிச் சொன்னவன் ஆறு வயதுப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து உட்காருவான்.

அன்றைக்கு முடிச்சை அவிழ்த்தவள் ரேவா நேப்பியர். கரடி ஓடைப் பள்ளத்தாக்கின் தலைமாட்டு வீட்டுப் பெண், பதினைந்து வயது. கிழிந்த ஜாக்கெட்டை ஸ்டேப்ளர் பின் அடித்துப் போட்டுக்கொண்டு வருவாள். அவள் இரண்டு பட்டியலையும் கம்பெனியின் சம்பளப் புத்தக நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் புரட்டினாள்.

“டீச்சர், ரெண்டு பேருமே பொய் சொல்லல.”

“வெளங்கும்படி சொல்லு.”

“சர்ச்சுப் பட்டியல்ல இருக்குற, கம்பெனி கடுதாசியில இல்லாத அஞ்சு பேரு. அதுல ஒருத்தரு பேரு கூட சம்பளப் புத்தகத்துல இல்ல. அவுங்க நாள்கூலி. கம்பெனி தன்னோட ஆளுகள மட்டும் எண்ணிருக்கு. பொய் இல்ல. ஆனா அது பொய்ய விடக் கேவலம்.”

ட்ரெஸ்ஸா அவள் பக்கம் வந்தாள். அந்தப் பெண்ணின் மேஜை மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு அதுதான் பாராட்டு. பிள்ளைகளுக்கும் தெரியும்.

ரேவாவின் அம்மா போதை மாத்திரையே கதியென்று கிடப்பவள். தம்பி ஒருவன் உண்டு, ஆறு வயது. அவனுக்குக் காலையில் சோறாக்கி, முகம் கழுவி, சின்னப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் இவள் வர வேண்டும். இந்தப் பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்ததால் அது முடிந்தது.

“இத மூடிட்டா நான் படிக்க மாட்டேன் டீச்சர்,” என்று ஒரு தரம் சொன்னாள். அழவில்லை, முறையிடவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

“மூடமாட்டாங்க. நான் எதுக்கு இருக்கேன்,” என்றாள் ட்ரெஸ்ஸா. அன்றிலிருந்து வாரத்துக்கு நாற்பது சொல் அறுபது ஆயிற்று.

ஏப்ரலில் பரீட்சை நடந்தது. கம்ப்யூட்டரில், இரண்டு நாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ட்ரெஸ்ஸா சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்து பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிட்டுப் பிட்டுப் போட்டாள், சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் முடிந்து ரேவா தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்படிடி இருந்துச்சு?”

“வேற மாதிரி இருந்துச்சு டீச்சர்.”

“வேற மாதிரின்னா? கஷ்டமா?”

“கஷ்டம் இல்ல.” ரேவா கரண்டியால் பீன்ஸைத் தள்ளிக்கொண்டே யோசித்தாள். “ஒரு ஓடை. சுரங்கத்துக்கு மேல தண்ணியில பதினாலு வகை மீனு, கீழ மூணு வகை. ஒரு கட்டத்துல எல்லா எண்ணும் போட்டுருக்கு. ‘ஒருத்தரு சுரங்கம் காரணம்ங்கிறாரு, இன்னொருத்தரு வெயில் காரணம்ங்கிறாரு, யாரு சொல்றது சரி, எத வச்சு சொல்ற’ன்னு கேட்டுருக்கு. எழுத நிறைய எடம் விட்டுருந்துச்சு.”

“நீ என்னா எழுதின?”

“அமிலம்னா என்னான்னு எழுதினேன். அர்த்தம் எழுதினேன், நீங்க குடுத்தது, ஒரு வார்த்தை பிசகாம. எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்.”

“ஏன்டி, அதத்தான் தினம் மத்தியானம் செய்றீங்களே. கட்டத்தப் பாத்து, எது ஆதாரம்னு பாத்து...”

“அது வரலாறு டீச்சர்.” ரேவா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “இது விஞ்ஞானம்ல. விஞ்ஞானத்துல நீங்க ‘எப்படித் தெரியும்’னு கேட்டதே இல்லையே. அதுல அப்படிக் கேக்கலாம்னு எங்களுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை காலையில் ட்ரெஸ்ஸா சமையலறை மேஜையில் அந்தத் தடிப் புத்தகத்தை வைத்து, கத்தரியால் உறையைக் கிழித்தாள். டென்ஸில் காபியோடு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள். இந்தத் தரம் சட்டை மட்டும் மாறவில்லை. பிள்ளை அர்த்தம் சொல்வதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பிள்ளை பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், ஆதாரம் காட்டி வாதாட வேண்டும், இன்னொருவன் சொல்வதை மறுக்க வேண்டும். முந்நூறு பக்கத்துக்கு அதுதான். மாற்றுப் பட்டியல் எண்ணுக்கு எண் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது: தலைப்பை மட்டுமே இது காட்டும், கற்பிக்கும் முறைக்குப் புத்தகத்தைப் பார்க்கவும். எட்டு மாதமாக அந்தத் தாள் அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

“என்னாடி, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

“டென்ஸில், இதுல கேக்குறது எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணு நல்லாத் தெரியும்னா இதுதான் தெரியும். அதே ரூமுல, அதே புள்ளைகளுக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் இதத்தான் செஞ்சேன். சாப்பாட்டுக்கு முன்னாடி செய்யல.”

“இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. அடுத்த வருஷம் செய்யி.”

“அடுத்த வருஷம் எங்கய்யா இருக்கு?”

டென்ஸில் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மே மாதம் முடிவு வந்தது. நூற்றுக்கு நாற்பத்தைந்து கேட்டார்கள், இருபத்தொன்பது வந்தது.

ட்ரெஸ்ஸா கார்லண்டின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், தன் தப்பில் ஒரு துளி கூட மறைக்காமல். பள்ளியை மூடுவதா என்று கமிட்டி முடிவு செய்யும் மீட்டிங்கில் எழுந்து நின்று இதையே சொல்லப்போகிறேன் என்றாள்.

“வேணாம் டீச்சர்.”

“ஏன்டா வேணாம்? தப்பு புள்ளைகளோடது இல்ல, பள்ளிக்கூடத்தோடதும் இல்ல, இந்தக் கெழட்டுக் கழுதையோடதுன்னு தெரிஞ்சா ஒரு வருஷம் தவணை குடுப்பாங்கல்ல. நான் சரியாச் சொல்லிக்குடுத்தா இந்தப் புள்ளைங்க தேறும். எனக்கு அது தெரியும்.”

“உங்க ரூமுக்கு நாப்பத்தொரு தரம் வந்துருக்கேன் டீச்சர். நாப்பத்தொண்ணுலயும் எல்லாக் கட்டமும் டிக். அடியில என் கையெழுத்து.”

“அதுக்கு?”

கார்லண்ட் அவ்வளவு பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். “எனக்கு மூணு புள்ளைங்க டீச்சர்,” என்றான். அவள் அதற்கு மேல் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்காவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூன் மாத மீட்டிங் மார்ட்டனில், பெரிய பள்ளியின் நூலகத்தில். மேஜைக்குப் பின்னால் பள்ளிக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், நடுவில் பள்ளிகளின் மேலதிகாரி ப்ரூயிட். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பிக்கப் வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ரேவாவும் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ட்ரெஸ்ஸா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

“நான் ட்ரெஸ்ஸா காடில். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் நான் எடுத்தேன். புதுத் தரநிலைய நான் படிக்கல. எண்ண மட்டும் மாத்திக்கிட்டு, போன வருஷத்துப் பாடத்தையே எடுத்தேன். புள்ளைங்க நான் சொல்லிக்குடுத்தத அப்படியே எழுதியிருக்கு. ஃபெயிலானது நானு. என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க, பென்ஷன்ல கை வைங்க, எதுன்னாலும் செய்ங்க. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் குடுங்க.”

ப்ரூயிட் மரியாதை தெரிந்தவன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

“மிஸஸ் காடில், நீங்க பெருந்தன்மையாப் பேசுறீங்க. உங்க பள்ளிக்கூடத்து மேல உங்களுக்குள்ள பாசம் எங்களுக்குப் புரியுது. ஆனா பதிவேடு வேற சொல்லுதே.” ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். “இந்த வருஷம் உங்க வகுப்ப நாப்பத்தொரு தரம் பாத்துருக்காங்க. ஒரு கட்டம் கூடக் காலியா இல்ல. ஒவ்வொரு நாளும் சரியான தரநிலை, சரியான வாரத்துல. இந்த மாவட்டத்துல இப்படி ஒரு பதிவேடு வேற எந்த டீச்சருக்கும் இல்லைங்க.”

“அந்தக் காகிதம் பொய் சொல்லுது.”

“அதுல உங்க பிரின்சிபல் கையெழுத்து இருக்கு. மிஸ்டர் சைஸ்மோர், இது உங்க கையெழுத்துதானே?”

கார்லண்ட் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். “ஆமா,” என்றான். உட்கார்ந்துவிட்டான்.

“ஆக,” என்றான் ப்ரூயிட், கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, “இவ்வளவு நல்ல டீச்சர், இவ்வளவு ஒழுங்கா, தரநிலை பிசகாமப் பாடம் எடுத்தும் இருபத்தொம்பதுதான் வந்துருக்குன்னா, குறை டீச்சர்கிட்ட இல்ல. பள்ளிக்கூடத்தோட அளவு அப்படி. நூத்துப்பன்னெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு இதுக்கு மேல யாராலயும் செய்ய முடியாது. இதத்தான் நாங்க ரெண்டு வருஷமாச் சொல்லிட்டு வர்றோம்.”

ட்ரெஸ்ஸா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூன்று நிமிஷம் முடிந்ததற்கான மணியை ஒரு பெண் அடித்தாள். பள்ளியை மூட ஐந்து பேரில் நாலு பேர் கை தூக்கினார்கள். ஐந்தாவது ஆள் ஸ்பைசர் க்ரீக்காரர். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஊர்க்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, நீ பேசினாயே அது போதும் என்றார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளியைக் காப்பாற்ற அவள் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இல்லை, நிஜமாகவே நான்தான் என்று அவள் சொல்லச் சொல்ல இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நம்பியவள் ஒருத்திதான். ரேவா கிட்டே வரவில்லை. பிக்கப்பின் பின்பக்கம் தம்பியைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, தானும் ஏறி, முகத்தைத் திருப்பாமல் போனாள்.

பெரிய பள்ளியில் ட்ரெஸ்ஸாவுக்கு இடம் இல்லை. விஞ்ஞானத்துக்கு அவர்களிடம் படித்துப் பட்டம் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள், வரலாற்றுக்கோ ஃபுட்பால் கோச்சு இருந்தான். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. மலை தாண்டும் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார்கள். போனில் கேட்ட ஆபீஸ் பெண்ணுக்கே கூச்சமாக இருந்தது. ட்ரெஸ்ஸா சரி என்றாள். டென்ஸில்தான் கத்தினான்.

“இருபத்தி மூணு வருஷம் டீச்சரா இருந்தவ, பஸ்ஸுல ஆயாவாப் போறேங்கிறியா? ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். எவ்வளவு தூரம் போகுதுன்னு நான் உக்காந்து பாக்கணும்ல.”

ஆகஸ்டில் பஸ் ஓட ஆரம்பித்தது. காலை ஐந்து ஐம்பதுக்குக் கரடி ஓடை முனையில் முதல் நிறுத்தம். ரேவா அங்கே நின்றாள். தம்பியைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்று தெரிந்தது. ஏறி, “மார்னிங் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுக் கடைசிக்குப் போய்விடுவாள். பைன் மலையில் முப்பத்தேழு கொண்டை ஊசி வளைவு. பதினெட்டாவது வளைவில் யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிடும். ஒன்று எடுத்தால் நாற்றத்துக்கே இன்னும் இரண்டு எடுக்கும். ட்ரெஸ்ஸா கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், தலையைப் பிடித்து, முதுகைத் தடவி, துடைத்துவிடுவாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தை மடியில் விரித்து வைத்தவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். ஒரு வாரத்தில் யாரும் புத்தகத்தைப் பிரிப்பதில்லை என்று ஆகிவிட்டது.

ரேவா ஒன்பது நாள் வந்தாள். பத்தாம் நாள் கரடி ஓடை முனையில் யாரும் இல்லை. டிரைவர் இரண்டு நிமிஷம் நிறுத்தினான், ஹாரன் அடித்தான். ட்ரெஸ்ஸா கதவைத் திறந்து இறங்கி நின்று பள்ளத்தாக்குக்குள் பார்த்தாள். இருட்டாகத்தான் இருந்தது. போகலாம் என்று அவளேதான் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை நேப்பியர் வீட்டுக்குப் போனாள். அம்மாக்காரி சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“எழுதிக் குடுத்துட்டேன் டீச்சர். வீட்டுலயே படிக்க வைக்கிறேன்னு ஒரு ஃபாரம் இருக்குல்ல, அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இனிமே யாரும் வந்து கேக்க முடியாது, சட்டப்படி.”

“யாரு சொல்லிக்குடுக்குறது? நீயா?”

“அதுக்குக் கட்டம் இருந்துச்சு. பெற்றோர்னு. டிக் போட்டேன்.”

“ரேவா எங்க?”

“வேலைக்குப் போயிருக்கா. பதினாறு முடிஞ்சுருச்சுல்ல. அவ சம்பாரிச்சாத்தான் சின்னவனுக்கு ஷூ.”

ட்ரெஸ்ஸா கதவுப் பிடியில் கையை வைத்தாள். உன் பெண் சம்பளப் புத்தகத்தையும் சர்ச் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, தொண்ணூறு வருஷமாக ஊரே கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தாள் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பொம்பளை, அப்படியா, என்பாள். டிவியில் விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியது. ட்ரெஸ்ஸா கதவை மெல்லச் சாத்திவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குச் சாமான் வேண்டியிருந்தது. வாந்தி மேல் கொட்ட மண் எதுவும் மார்ட்டன்காரர்கள் கொடுப்பதில்லை, எழுதிக் கேட்டால் மூன்று வாரம் ஆகும். வீட்டுப் பூனை வெளிக்குப் போகப் பெட்டியில் போடுகிற மண் இருந்தால் போதும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றம் அடங்கும், கூட்டித் தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து முச்சந்திக் கடைக்குப் போனாள். பத்து கிலோ மூட்டை ஒன்றை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். மஞ்சள் சட்டை போட்டு, பெயர் அட்டையைக் கொஞ்சம் கோணலாகக் குத்திக்கொண்டு, ரேவா நின்றுகொண்டிருந்தாள்.

“பூனை வாங்கிட்டீங்களா டீச்சர்?”

“பஸ்ஸுக்குடி.”

“ஓ.” ரேவா மூட்டையைப் புரட்டி, கோடுகளைத் தேடி, மெஷினில் காட்டினாள். அது சத்தம் போடவில்லை. மறுபடி காட்டினாள். “யாரு வாந்தி எடுக்குறா இப்போ?”

“பெரும்பாலும் ஒன்பதாங் க்ளாஸ் புள்ளைங்க. அந்தக் கோம்ப்ஸ் பையன் தினம்.”

“அவன முன்னாடி ஸீட்டுல போடுங்க. வளைவு தெரியாது.”

“போட்டேன். அங்கயும் எடுக்குறான்.”

“அப்ப ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா? ரெண்டையும் பாத்தீங்களா?”

ட்ரெஸ்ஸா அவள் முகத்தைப் பார்த்தாள். பின்னால் ஒரு ஆள் பால் டப்பாவோடு வந்து நின்றான். ரேவா சட்டென்று குனிந்துகொண்டு மூட்டையில் இருந்த எண்ணை விரலால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். மெஷின் சத்தம் போட்டது.

“நாலு டாலர் அறுபத்தொம்பது சென்ட் டீச்சர்.”